நிற்பதற்கும் ஒரு விலை

லேக் மார்க்கெட்டைக் காலையில் காண்பவருக்கு அது வங்கத்தின் நடுவே அமைந்த ஒரு தென்னாட்டுச் சந்தை. மல்லிகைச் சரம், வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, புதிதாய் அரைத்த காப்பித்தூள் என்று தெற்குக் கொல்கத்தாவின் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக நாடி வரும் இடம். இரவு பத்து மணிக்குமேல் அதே வட்டாரத்தில் நடப்பவர் காண்பது வேறொரு காட்சி. கடைகளின் கதவுகள் இறங்கிய பின் ராஷ்பிகாரி அவென்யூவின் கிளைத்தெருக்களில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. இடம் கிடைத்தவர் நிம்மதியாக மாடியேறுகிறார். கிடைக்காதவர் தெருத்தெருவாக இன்னொரு சுற்றுச் சுற்றுகிறார்.

இவ்வட்டாரத்துப் பழைய வீடுகள் பலவும் கார் என்பது ஒரு சிலருக்கே உரியதாக இருந்த காலத்தில் எழுந்தவை. அவற்றில் பூசையறை உண்டு, கிணற்றடி உண்டு, திண்ணை போன்ற ரோவாக்கும் உண்டு. வண்டி நிறுத்த இடமில்லை. வீடு மாறவில்லை, தெருவும் அகலவில்லை. ஆயினும் வீட்டுக்கொரு வண்டி வந்துவிட்டது. விளைவாக, முன்னர் எவரும் விலை கேட்காத ஒரு பொருளுக்கு இன்று விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஓர் இரவு அசையாமல் நிற்பதற்கான இடமே அப்பொருள்.

இந்த விலையைப் பற்றிப் பலகாலமாகக் கவலைப்பட்டு வருகிறவர்கள் கார் வைத்திருப்பவர்கள் அல்லர், படகு வைத்திருப்பவர்கள். அவர்களது அனுபவத்திலிருந்து தொடங்கினால், நம் வீட்டு வாசலில் நிகழ்வது எளிதில் விளங்கும்.

காற்று இலவசம், இரவு இலவசமன்று

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் கரையோரமாகவும் கடல் கடந்தும் பயணம் செய்வோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள் பெருஞ்செல்வர் சிலரே. பணி ஓய்வு பெற்று, ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் நம்பிப் படகையே வீடாகக் கொண்டவர்கள் பலர். படகைச் செலுத்தும் காற்றுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாலை மயங்கும்போது படகை எங்கேனும் நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்துவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அலை அடங்கிய ஒரு குடாவில் சொந்த நங்கூரத்தை இறக்குவது. பெரும்பாலும் இதற்குச் செலவில்லை. காற்றுத் திசை மாறினால் உறக்கமும் இல்லை. இரண்டாவது, கடலடியில் பதித்த கனமான கட்டையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட மிதவையில் படகைக் கட்டுவது. நம் மீனவர் போயா என்று வழங்கும் அம்மிதவைக்கு ஓரிரவு வாடகை உண்டு. மூன்றாவது, மெரினா எனப்படும் படகுத்துறையில் மேடையோரமாக இடம் பிடிப்பது. குடிநீர், மின்சாரம், குளியலறை, காவல் யாவும் அங்கே கிடைக்கும். மூன்றிலும் இதுவே விலை மிகுந்தது. பல இடங்களில் நீருக்கும் மின்சாரத்துக்கும் தனிக்கட்டணமும் உண்டு.

தமிழருக்கு மெரினா என்றால் நினைவுக்கு வருவது சுண்டலும் மணலும்தான். சென்னை மெரினாவில் படகுத்துறை கிடையாது. பாய்மரப் படகுகளுக்கான ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911-இல் தொடங்கப்பட்டு, துறைமுகத்துக்குள்ளேயே இயங்கி வருகிறது. நெடும்பயணப் படகுகளை ஏற்கும் முறையான மெரினா என்று நம் நாட்டில் முதலில் பெயர் பெற்றது கொச்சியில் போல்காட்டி அரண்மனையை ஒட்டிக் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அமைத்ததுதான். அதிலும் சில பத்துப் படகுகளுக்கே இடமுண்டு. இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கும் படகோட்டி, நுழைவுச் சடங்குகளுக்கு முகவர் ஒருவரை அமர்த்தி அவருக்கும் ஊதியம் தரவேண்டும். துறை வாடகையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

படகின் நீளமே கட்டணத்தின் அடிப்படை. மீட்டருக்கு இரவொன்றுக்கு 4 யூரோ என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டர்ப் படகு 48 யூரோ தரவேண்டும். இரட்டை உடல் கொண்ட படகுகள் அகலமானவை. ஆதலால் பல துறைகளில் அவற்றுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது அதே நீளத்துக்கு 72 யூரோ. இவ்வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் காட்டமரான் என்னும் பெயர் நமது கட்டுமரத்திலிருந்து சென்றது. பெயரைத் தந்த கட்டுமரமோ எந்தத் துறைக்கும் வாடகை தந்ததில்லை. மாலையில் அதைக் கரையில் இழுத்துப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, மரங்களை உலர விட்டுவிடுவார்கள். நிறுத்துமிடமே வேண்டாத ஒரு கலத்தை நம் கடற்கரை கண்டது வறுமையால் மட்டுமன்று. அலைமோதும் திறந்த மணற்கரையில் இயற்கைத் துறைகள் அரிது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

ஏன் ஏறுகிறது?

கடந்த சில ஆண்டுகளாக இந்த ஓரிரவு வாடகை பல நாடுகளில் வருவாயைவிட வேகமாக ஏறுகிறது என்பது படகோட்டிகளின் பொதுவான குறை. காரணங்களை வணிகவியல் மாணவர் எவரும் எளிதில் அடையாளம் காண்பர்.

முதலாவது, கரையை நீட்ட இயலாது. தேவை எவ்வளவு பெருகினாலும் காற்றுக்கு மறைவான குடாக்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. புதிய மெரினா கட்டுவதற்குப் பெருமுதலும், நீண்டகால அனுமதிகளும், இடைவிடாத தூர்வாரலும் தேவை.

இரண்டாவது, படகுகள் பெருத்துவிட்டன. முன்னர் ஒன்பது பத்து மீட்டர்ப் படகுகளை எண்ணிக் கட்டிய மேடையில் இன்று பதின்மூன்று பதினான்கு மீட்டர்ப் படகுகள் நிற்க வருகின்றன. அதே மேடையில் நிற்கும் படகுகளின் தொகை குறைகிறது. தலைக்கு விழும் பங்கு கூடுகிறது. கொரோனா ஆண்டுகளில் பலர் புதிதாகப் படகு வாங்கியதும் இதனோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவது, இலவச இடங்கள் சுருங்குகின்றன. மத்தியதரைக் கடலின் பாலியாரிக் தீவுகளில், கடலடியில் வளரும் பொசிடோனியா புல்வெளிகளின்மீது நங்கூரம் இறக்குவதை 2018-ஆம் ஆண்டின் ஆணை தடை செய்தது. பிரான்சின் தென்கரையில் 24 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு உண்டு. நங்கூரம் கடற்புல்லை வேரோடு பெயர்த்துவிடும் என்பதால் இத்தடை நியாயமானதே. ஆயினும் நங்கூரம் தடைபட்ட இடத்தில் மிதவைகள் வருகின்றன. மிதவையோடு கட்டணமும் வருகிறது.

நான்காவது, காப்பீடு. புயல் பருவத்தில் படகு எங்கே, எவ்வாறு கட்டப்பட்டிருக்கும் என்று நிறுவனங்கள் துருவிக் கேட்கின்றன. பாதுகாப்பான துறையைக் காட்ட இயலாதவருக்குக் காப்பீடு மறுக்கப்படலாம், அல்லது தவணைத்தொகை கூடலாம்.

படகோட்டிகள் இதற்குத் தம்மைத் தகவமைத்துக்கொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. நாள் வாடகையைவிட மாத வாடகை மலிவு என்பதால் ஊர் ஊராகச் செல்வதைக் குறைத்து ஓரிடத்தில் நீடிக்கிறார்கள். கூட்டமில்லாப் பருவத்தில் பயணம் செய்கிறார்கள். புதுப் படகு வாங்கும்போது அரை மீட்டர் குறைந்த நீளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுதோறும் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது அவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பொதுக்கணக்கு. வாங்கும் விலை ஒருமுறை. வைத்திருக்கும் விலை ஒவ்வோர் ஆண்டும்.

ஹூக்ளி கற்பித்த பாடம்

மலிவான இடத்தில் நிறுத்துவது எப்போதும் மலிவன்று என்பதைக் கொல்கத்தாவைப்போல் அறிந்த நகரம் குறைவு. கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றில் ஏறி வந்தால்தான் இத்துறைமுகத்தை அடையலாம். வண்டலும், இங்குப் பான் என்று வழங்கும் ஓத அலையும், வங்கக்கடலின் புயல்களும் இங்கு நிற்கும் கப்பல்களுக்கு என்றும் அச்சந்தருவன.

1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வீசிய பெரும்புயலில், ஆற்றில் கட்டப்பட்டிருந்த கப்பல்கள் தளையறுத்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதின, கரையேறின, மூழ்கின. சேதமின்றித் தப்பியவை மிகச்சிலவே. பத்தாண்டுகளுக்குள் இன்னொரு நிகழ்ச்சி. ஹௌராவையும் கொல்கத்தாவையும் இணைக்க மிதவைப் பாலம் ஒன்று 1874-இல் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வாண்டு மார்ச் 20-ஆம் நாள் புயலில் எஜீரியா என்னும் நீராவிக் கப்பல் தன் தளையை அறுத்துக்கொண்டு வந்து பாலத்தின்மீது மோதியது. மூன்று மிதவைகளும் ஏறத்தாழ இருநூறு அடி நீளப் பாலமும் சேதமுற்றன. சீர்செய்த பின் அதே ஆண்டு அக்டோபரில் பாலம் திறக்கப்பட்டது. ஒரு கப்பல் சரியாகக் கட்டப்படாததன் விலையை அக்கப்பலின் உடைமையாளர் மட்டும் செலுத்துவதில்லை, ஊரே செலுத்துகிறது.

1870-இல் துறைமுக ஆணையர் குழு அமைந்தது. 1892-இல் கிதிர்ப்பூர்க் கப்பல்துறையும், பின்னர் இன்று நேதாஜி சுபாஷ் பெயரைத் தாங்கும் துறையும் திறக்கப்பட்டன. இவை ஆற்றினின்று மதகுகளால் பிரிக்கப்பட்டு, ஓதத்தின் ஏற்ற இறக்கத்தால் தாக்குறாதவாறு நீரைத் தேக்கி வைப்பவை. கப்பல் ஆற்றில் ஆடிக்கொண்டு நிற்பதைவிட இங்கு அமைதியாக நிற்கும். அந்த அமைதிக்குப் பின்னால் மதகு, எந்திரம், ஆட்கள், ஓயாத தூர்வாரல் ஆகிய செலவுகள் உண்டு. வண்டலை அடித்துச் செல்லக் கங்கை நீரைத் திருப்பிவிடும் ஃபரக்கா அணை 1975-இல் செயல்படத் தொடங்கியது. ஆற்றுத் தடத்தைத் தூர்வார மைய அரசு பல ஆண்டுகள் மானியம் அளித்து வந்துள்ளது. கப்பல் தரும் வாடகையில் மட்டும் அதன் நிறுத்துமிடத்தின் செலவு அடங்கிவிடுவதில்லை; மீதியை வரி செலுத்துவோர் ஏற்கின்றனர். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்வோம். தெருவோர நிறுத்தத்துக்கும் இதுவே பொருந்தும்.

துறைமுகம் விலை வைக்கும் முறை

பெருந்துறைமுகங்களில் கட்டணங்களை வகுக்க 1997-இல் தனி ஆணையம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப்பின் அப்பொறுப்பு அந்தந்தத் துறைமுகத்தின் ஆட்சிக்குழுவுக்குச் சென்றது. இடைக்காலத்தில் வேரூன்றிய நெறிகளில் சில, சாதாரணக் குடும்பத்துக்கும் பயன்படும் அறிவு கொண்டவை.

கப்பலின் மொத்தக் கொள்ளளவையும், அது நிற்கும் மணிக்கணக்கையும் கொண்டு துறை வாடகை கணிக்கப்படுகிறது. இடத்தை அதிகம் அடைப்பவர் அதிகம் தருகிறார். நெடுநேரம் அடைப்பவரும் அதிகம் தருகிறார். வெளிநாட்டுக் கப்பலுக்கு விதிக்கும் கட்டணத்தில் 60 விழுக்காட்டுக்கு மேற்படாமல் உள்நாட்டுக் கரையோரக் கப்பலிடம் பெறவேண்டும் என்ற சலுகையும் உண்டு. கட்டணம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. எவருக்கு எதற்காகச் சலுகை என்பது வெளிப்படையாக இருந்தால் போதும்.

இன்னொரு நெறி சுவையானது. புறப்படத் தயார் என்று கப்பல் அறிவித்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் வாடகை ஓடுவது நின்றுவிடும். துறைமுகத்தின் தாமதத்துக்குக் கப்பல் பொறுப்பாகாது என்பதே கருத்து. அதேவேளையில், தயாராகாமலே தயார் என்று பொய்யாக அறிவித்தால் ஒருநாள் வாடகை தண்டமாக விதிக்கப்படும். இருதரப்புக்கும் பொறுப்பு வைக்கும் இத்தகைய விதிதான் எந்தக் கட்டணத்தையும் மக்கள் ஏற்கச் செய்கிறது.

தெருவும் ஒரு துறையே

நம் தெருவுக்கு வருவோம். கொல்கத்தா மாநகராட்சி, குறிப்பிட்ட சாலைகளில் வாகனம் நிறுத்தக் கட்டணம் பெறுகிறது. இரவு நேரத் தெருநிறுத்தத்துக்கும் தனிக்கட்டண ஏற்பாடு உண்டு. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் கட்டணத்தை மாநகராட்சி உயர்த்தியது. காருக்கு மணிக்கு 10 ரூபாயாக இருந்தது 20 ஆயிற்று. இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய் 10 ஆயிற்று. நேரம் நீள நீளக் கட்டணம் செங்குத்தாக ஏறும்படியும் அமைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது; மாநில அரசின் தலைமையும் அதிருப்தி தெரிவித்தது; ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 7-ஆம் நாள், உயர்வு திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்வில் இருபுறமும் நியாயம் உண்டு. நெடுங்காலம் மாறாத கட்டணம் ஒரே நாளில் இரட்டிப்பானால், பூவும் காய்கறியும் இறக்கும் சிறுவணிகர் முதலில் அடிபடுவார். மறுபுறம், மணிக்கு 10 ரூபாய் என்பது நகரின் விலை மிகுந்த நிலத்துக்கான வாடகை. ஒரு கார் நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும், அதாவது 12.5 சதுர மீட்டர் தேவை. அது ஒரு சிறிய படுக்கையறையின் பரப்பு. படுக்கையறைக்கு நாம் தரும் வாடகையையும் தெருவுக்குத் தரும் வாடகையையும் ஒப்பிட்டால், மீதியை யாரோ தாங்குகிறார்கள் என்பது தெளிவாகும். நடைபாதை இல்லாமல் சாலையில் இறங்கி நடக்கும் முதியவரும், அகல முடியாமல் ஊர்ந்து செல்லும் பேருந்தின் பயணியும் அந்த மீதியைத் தாங்குகிறவர்கள்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டொனால்டு ஷூப், 2005-இல் வெளியிட்ட நூலில் இதையே விரிவாக ஆராய்ந்தார். கார் தன் வாழ்நாளில் சுமார் 95 விழுக்காடு நேரம் நின்றுகொண்டே இருக்கிறது என்பது அவர் நினைவூட்டிய உண்மை. ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணம் அமைய வேண்டும் என்றும், அவ்வருவாய் அத்தெருவுக்கே செலவாக வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். கட்டிய பணம் தம் தெருவின் விளக்காகவும் நடைபாதையாகவும் திரும்புவதைக் கண்டால் எதிர்ப்புத் தணியும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

ஜப்பான் வேறு வழி சென்றது. 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி, கார் நிறுத்தத் தமக்கு இடம் இருப்பதற்குக் காவல்துறையிடம் சான்று பெற்றால்தான் காரைப் பதிவு செய்யலாம். முதலில் துறை, பிறகே கலம். நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் போக்குவரத்து அமைச்சர் 2025-இல் இத்தகைய நிபந்தனை பற்றிப் பேசினார். நெருக்கடி மிகுந்த நகரங்கள் யாவற்றிலும் இப்பேச்சு இனி வலுக்கவே செய்யும். அந்நாளில் சொந்த நிறுத்துமிடம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் விலை வேறுபாடு இன்றுள்ளதைவிடப் பெருகும்.

ஒரு சிறு கணக்கு

கடன் விண்ணப்பங்களைப் பார்வையிடும் மேசையில் வழக்கமாகக் கேட்கப்படும் வினா, மாதத் தவணை எவ்வளவு என்பதே. நிறுத்துமிடம் பற்றி விண்ணப்பதாரரும் பேசுவதில்லை, படிவமும் கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே.

காரின் விலை 9 லட்சம். கையிருப்பு 2 லட்சம் போக, 7 லட்சம் கடன். வட்டி 9 விழுக்காடு, காலம் 7 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 11,260 ரூபாய். ஏழாண்டுகளில் செலுத்தும் மொத்த வட்டி சுமார் 2,46,000 ரூபாய்.

அருகிலுள்ள ஒரு வளாகத்தில் மாதம் 3,000 ரூபாய்க்கு நிறுத்துமிடம் வாடகைக்கு எடுத்ததாகக் கொள்வோம். வாடகை ஒரு ரூபாயும் ஏறாவிட்டாலும் 84 மாதங்களில் அது 2,52,000 ரூபாய். கடனுக்கு நாம் தரும் மொத்த வட்டியைவிட இது அதிகம். ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறுமானால், ஏழாவது ஆண்டில் மாத வாடகை சுமார் 4,760 ஆகும். மொத்தம் 3,21,000 ரூபாயைக் கடக்கும்.

கால் விழுக்காடு வட்டி குறைவு என்பதற்காக மூன்று வங்கிகள் ஏறி இறங்கும் நாம், வட்டியையே மிஞ்சும் இச்செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. இரண்டுக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. நிலையான வட்டியில் பெற்ற கடனின் தவணை ஏறாது. ஏழாம் ஆண்டோடு தீர்ந்துவிடும். நிறுத்துமிட வாடகை ஏறும். காரை விற்கும் நாள்வரை தீராது. கலத்தின் மதிப்புக் குறைந்துகொண்டே வர, துறையின் விலை ஏறிக்கொண்டே போகும். படகோட்டியின் கவலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

தவணையும் வாடகையும் சேர்ந்து மாதம் 14,260 ரூபாய். எரிபொருளும் காப்பீடும் பழுதும் இன்னும் சேரவில்லை. ஒரு வாடகைக் கார்ப் பயணத்துக்கு 250 ரூபாய் என்றால், இத்தொகையில் மாதம் 57 பயணங்கள் செய்யலாம். காளிகாட் மெட்ரோ நிலையம் நடை தூரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த ஒப்பீடு முக்கியமானது. வயதான பெற்றோர், மருத்துவமனைப் பயணம், இரவுப் பணி ஆகியவை உள்ள வீட்டில் விடை வேறாக இருக்கலாம். எந்த விடையானாலும் அது கணக்குப் பார்த்து எடுத்த விடையாக இருக்கட்டும்.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

1. வாகனக் கடன் பெறுமுன் நிறுத்துமிடத்தை உறுதி செய்க. மாதத் தவணையோடு அதன் வாடகையையும் கூட்டி, அத்தொகை வீட்டு வருவாய்க்குள் அடங்குமா என்று பார்க்க. தெருவே துணை என்போர் இரவுக் கட்டண முறை தம் தெருவுக்கு உண்டா என்று மாநகராட்சியில் கேட்டறிக.

2. அடுக்ககம் வாங்குவோர் நிறுத்துமிடம் எவ்வகையானது என்று பத்திரத்திலேயே படித்துத் தெளிக. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, திறந்தவெளி நிறுத்துமிடம் அனைவருக்கும் பொதுவான பகுதி. மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்றில், தூண்தளத்து நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனி அலகாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் தீர்ப்பளித்தது. வாய்மொழி வாக்குறுதிக்கோ, வெள்ளைத்தாள் ரசீதுக்கோ பணம் தருவது வழக்கில் முடியும்.

3. பழைய வீட்டை இடித்து அடுக்ககமாக்க உடன்படும் உரிமையாளர்கள், தமக்கு வரவேண்டிய தளத்தின் பரப்போடு நிறுத்துமிடத்தின் எண்ணிக்கை, அளவு, இடம் ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க.

4. தெருவில் நிறுத்தும் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதாது. 2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஆம்பன் புயலில் இந்நகரில் வீழ்ந்த ஆயிரக்கணக்கான மரங்களின் அடியில் நசுங்கிய கார்கள் பல. வாகனத்தின் சொந்தச் சேதத்தையும் இயற்கைச் சீற்றத்தையும் ஏற்கும் முழுமையான காப்பீடு உள்ளவர்க்கே அத்தகைய இழப்பு ஈடாகும்.

5. மின்வாகனம் வாங்க எண்ணுவோர்க்கு நிறுத்துமிடம் என்பது எரிபொருள் நிலையமும் ஆகும். இரவில் மின்னேற்ற வசதியில்லாத தெருவில் நிற்கும் மின்வாகனம் பாதிப் பயனே தரும்.

6. வாடகைக்கு எடுக்கும் நிறுத்துமிடத்துக்கும் எழுத்து மூல உடன்பாடு வேண்டும். ஆண்டு உயர்வு எவ்வளவு, விலகுவதற்கு எத்தனை நாள் அறிவிப்பு, வைப்புத்தொகை எப்போது திரும்பும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். தெருவில் கட்டணம் பெறுவோரிடம் ரசீது கேட்டுப் பெறுக.

7. படகோட்டிகள் நீளத்தைக் குறைப்பதுபோல், காரின் அளவையும் இடத்துக்கேற்பத் தேர்க. நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டி, நெருக்கமான தெருவில் நாள்தோறும் நேரத்தையும் வண்ணப்பூச்சையும் மிச்சப்படுத்தும்.

பொதுவிடமும் பொறுப்பும்

சங்க இலக்கியமான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கழிக்கரையைக் காட்டும்போது, நெல்லேற்றி வந்த படகுகள் கொட்டிலில் கட்டிய குதிரைகளைப்போல் வரிசையாகத் தளையிடப்பட்டிருந்ததைச் சொல்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வளமான ஊர் என்பதற்கு அடையாளமாகப் புலவர் கண்டவற்றுள் ஒழுங்காக நிறுத்தப்பட்ட ஊர்திகளும் ஒன்று. அதே ஊரில் சுங்கமும் இருந்தது. அதைத் தண்டும் அலுவலரும் இருந்தனர். ஒழுங்கும் கட்டணமும் இணைந்தே வருவன.

நிறுத்துமிடக் கட்டணம் இனிக் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. கடற்கரையைப்போலவே தெருவையும் நீட்ட இயலாது. கட்டணம் படிப்படியாக ஏறுகிறதா, வெளிப்படையாக வசூலிக்கப்படுகிறதா, சிறுவணிகருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் உரிய சலுகை கிடைக்கிறதா, வசூலான பணம் தெருவுக்குத் திரும்புகிறதா என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அவ்வினாக்களை வட்டக் குழுக்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் எழுப்புவோம். வீட்டுக்குள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. அடுத்த வாகனத்துக்கான விண்ணப்பத்தை எடுக்குமுன் ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதிப் பார்க்க வேண்டும்: ஓடுவதற்கு மாதம் எவ்வளவு, நிற்பதற்கு மாதம் எவ்வளவு. இரண்டாவது தொகை தெரிந்த பின்னும் வாங்கலாம் என்று தோன்றினால், அந்த வாகனம் குடும்பத்துக்குச் சுமையாகாது.